வெறும்வாயோடு அனுப்பாத ஊர்

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்ல மாட்டார்கள். இந்த ஒரு நல்ல குணத்தால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கோயமுத்தூரில், ஒரு பூங்காவை ஒட்டிய சின்ன நலவாழ்வு மையத்தில் எனக்கு உணவு ஆலோசகர் வேலை. சுற்றியுள்ள தெருக்காரர்களை ஒழுங்காகச் சாப்பிட வைக்க வேண்டும், கை காலை அசைக்க வைக்க வேண்டும். "சோத்தைக் கொறைச்சுக்குங்க" என்றால் "கொறைச்சுக்கலாமுங்க" என்பார்கள். "தெனமும் நடக்கோணும்" என்றால் "நடந்துட்டாப் போச்சுங்க" என்பார்கள். அடுத்த முறை ரத்தத்தைப் பார்த்தால் சர்க்கரை இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். எதிர்த்துப் பேசுகிறவரோடு மல்லுக்கட்டலாம். கையைக் கட்டிக்கொண்டு சரிங்க சரிங்க என்கிறவரோடு என்னத்தைச் சண்டை போடுவது?

காலை நடைக்கு ஒரு கூட்டம் சேர்த்தேன். கூட்டம் நன்றாகத்தான் நடந்தது. நடை முடிந்ததும் நேராகப் பூங்கா வாசலில் இருக்கும் பேக்கரிக்குப் போனது. எங்கள் ஊரில் முக்குக்கு முக்கு பேக்கரி. ஒருவர் எல்லாருக்கும் டீயும் தேங்காய் பன்னும் சொல்வார், மறுநாள் இன்னொருவர் சொல்வார். ஆசையாக ஒருத்தர் வாங்கிக் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொன்னால் அவர் மனசு சங்கடப்படாதா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். ஒருநாள் கடை வாசலில் நின்று மறித்தும் பார்த்தேன். "டயட்டு மேடத்துக்கு ஒரு டீ" என்று என் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்துவிட்டார்கள். சர்க்கரை தூக்கல். தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்படி எரிச்சலோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். அவர் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர், அறுபதை நெருங்கும் வயது. மோட்டார் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற சின்னப் பட்டறை. பட்டறைக்குள் செருப்புப் போட மாட்டார். மெஷின்தான் தனக்குச் சோறு போடுகிற சாமி, சாமிக்கு முன்னால் செருப்போடு நிற்கலாமா என்பது அவர் நியாயம். லேத்திலிருந்து விழுந்த இரும்புச் சுருள் ஒன்று வலது கால் பெருவிரலில் ஏறியிருக்கிறது. ஏறியது அவருக்குத் தெரியவேயில்லை. பல வருடமாகச் சர்க்கரை ஊறிய கால், உணர்ச்சி செத்துக் கிடந்தது. வீட்டுத் தரையில் ரத்தத் தடம் பார்த்த மனைவி, யார் காலிலிருந்து என்று தேடி, கடைசியில் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவரைப் பிடித்திருக்கிறார்.

டாக்டர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார். சர்க்கரை இறங்கினால் புண் ஆறும். இறங்காவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

"விரலை மட்டும் காப்பாத்திக் குடுத்துருங்க அம்மணி" என்றார் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். "நின்னே பொழைச்ச மனுசனுங்க. ஒக்கார வெச்சா ஒடைஞ்சு போயிருவாரு."

கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தலையாட்டினார். "அம்மணி என்ன சொல்றாங்களோ அப்படியே செஞ்சுரலாமுங்க" என்றார். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வார்த்தை. ஆனால் அந்த மனுஷன் நிஜமாகவே செய்தார். சோற்றைக் கைப்பிடியாகக் குறைத்தார். கீரைக் கடைசல், கொள்ளுப் பருப்பு, ராகிக் களி என்று அக்கா மாற்றி மாற்றிச் செய்து போட்டார். காலுக்கு மெத்தென்ற செருப்பு வாங்கி, பட்டறைக்குள்ளும் அதோடுதான் நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மெஷினைத் தொட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு மாட்டிக்கொண்டாராம்.

புண் ஆறும்வரை நடக்கக் கூடாது. அதனால் மற்றவர்கள் பூங்காவைச் சுற்றி நடக்கும்போது இவர் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடி கையை மேலே தூக்கி இறக்குவார், முழங்காலை மடக்கி நீட்டுவார். போகிற வருகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். "பஸ்ஸுக்குக் கை காட்டறீங்களா?" என்று கூட ஒருத்தர் கேட்டார். அவர் கூச்சப்பட்டாரே தவிர நிறுத்தவில்லை. சித்திரை பிறப்பதற்குள் சர்க்கரை இறங்கியது. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. கட்டுப் பிரித்துக் காட்டியபோது எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. என்னுடைய இத்தனை வருட வேலையில் உருப்படியாக ஒரு கால் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் மகள் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை ஈரோட்டுப் பையன், அப்பாவுக்கு மஞ்சள் வியாபாரம். நல்ல இடம். வைகாசியில் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். கையோடு பத்திரிகை வைக்கக் கிளம்ப வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையை நேரில் போய்த்தான் வைக்க வேண்டும். புருசனும் பெண்டாட்டியும் ஜோடியாகப் போய், தாம்பூலத் தட்டில் பத்திரிகையை வைத்து, வீட்டுப் பெரியவர்களைப் பார்த்து "குடும்பத்தோட வந்துருங்க" என்று அழைக்க வேண்டும். அழைக்க வந்தவரை வெறும்வாயோடு அனுப்பினால் அந்த வீட்டுக்குக் கேவலம். கொடுத்ததைத் தொடாமல் எழுந்தால் வந்தவருக்குக் கேவலம். ஒரு வீட்டில் காபியும் மிக்சரும் என்றால் அடுத்த வீட்டில் மைசூர்பாகு. ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் வீடுகள், கோபியிலிருந்து பொள்ளாச்சி வரை சிதறிக் கிடக்கின்றன. எத்தனை வீடு, எத்தனை இனிப்பு என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"வாட்ஸ்அப்புல அனுப்பிப்போட்டு போன்ல கூப்புடுங்கண்ணா" என்றேன்.

"அப்படிக் கூப்புட்டா நாய்கூட வராதுங்க அம்மணி" என்றார் மிகப் பணிவாக.

"அப்ப, சர்க்கரை இருக்குது, டாக்டர் வேண்டாம்னுட்டாருன்னு நேராச் சொல்லிப்போடுங்க. இதுல என்ன வெக்கம்?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார். பிறகு அக்காதான் வாயைத் திறந்தார். "மாப்பிள்ளை ஊட்டுக்கு இன்னும் சொல்லலீங்க. அப்பனுக்குச் சர்க்கரை, கால்ல புண்ணுன்னு தெரிஞ்சா, பொண்ணுக்கும் நாளைக்கு வரும்னு பேசுவாங்க. ஒரு ஊட்ல சொன்னா ஊரு பூராப் போயிரும். கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு இவரு சத்தியம் வாங்கிப்போட்டாரு."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பது என் நாற்காலியில் ஒருநாள் உட்கார்ந்தாலே தெரியும். அத்தனை பேரும் அதை ஏதோ திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்து வைத்துக்கொண்டு, ஒருவர் வாயில் ஒருவர் இனிப்பைத் திணித்துக்கொண்டிருக்கிறார்கள். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க" என்று எழுந்து போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல் நானே அவர்களோடு காரில் ஏறிக்கொண்டேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் அவருடைய பங்காளி வீடு. என்னை அக்காவுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்வது, இனிப்பு வந்தால் குறுக்கே விழுந்து தடுப்பது என்பது என் திட்டம். முதல் தோல்வி வாசலிலேயே. உச்சி வெயில். காரை விட்டு இறங்கி, சிமென்ட் களத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். களத்து ஓரத்திலேயே அவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"அண்ணா, செருப்போட வாங்க. கால் வெந்துபோகும்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒறம்பரை ஊட்டுக்குச் செருப்போட போவாங்களா அம்மணி? எனக்குச் சூடே தெரியலீங்க" என்று சிரித்தார்.

தெரியாது என்பதுதானே வியாதி. அந்தக் கொதிக்கிற களத்தில் அவர் பூப்போல நடந்து போனதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பங்காளி வீட்டில் தடபுடலாக வரவேற்றார்கள். யானை வந்து வாழையை மிதித்துப்போன கதையைச் சொல்லிக்கொண்டே அந்த வீட்டு அம்மா தட்டை நீட்டினார். நெய் சொட்டுகிற ஒப்பிட்டு, வெல்லப் பூரணம் வைத்த போளி. நான் பாய்ந்தேன். "அவருக்கு வயிறு செரியில்லைங்க. ஒண்ணும் குடுத்துராதீங்க."

"அட, முன்னாலயே சொல்லியிருக்கலாமுல்ல" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பாடா என்று நிமிர்ந்தேன். திரும்பி வந்தவர் கையில் பெரிய டம்ளர் நிறைய எலுமிச்சை சர்பத். வயிற்றுக்கு நல்லதாம். அது வேண்டாம் என்றேன். கருப்பட்டிக் காபி வந்தது. "இதுல சீனியே இல்லைங்க, பச்சப் புள்ளைக்கே குடுக்கலாம்" என்றார். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்று நான் விளக்கத் தொடங்க, பங்காளியின் முகம் மெல்லச் சுருங்கியது. "எங்க ஊட்ல கை நனைக்கக் கூடாதுன்னு எதாச்சும் இருக்குதுங்களா?" என்று இவரைப் பார்த்துக் கேட்டார்.

அவ்வளவுதான். இவர் காபியை வாங்கிக் குடித்தார். உள்ளே போன ஒப்பிட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டு வாங்கினார். ஒன்று தின்றார். "இன்னொண்ணு வெய்யுங்க, கைப்பக்குவம் மாறவேயில்லை" என்று இன்னொன்றும் தின்றார். பங்காளி முகம் மலர்ந்தது. என் முகத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை.

காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குக் கொஞ்சமாச்சும் சொரணை இருக்குதுங்களாண்ணா? அவரு மொகம் சுருங்குனா நாளைக்கு விரிஞ்சுக்கும். போன விரல் திரும்பி மொளைக்குமா?"

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. புள்ளை கல்யாணமுங்க. நாலு பேரு மனசு நெறைஞ்சு வந்து வாழ்த்தோணும். ஒரு மாசந்தானுங்க, கல்யாணம் முடிஞ்சதும் பட்டினி கூடக் கெடக்கறேன்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல். அவரையும் திட்ட வேண்டும் போல இருந்தது. வீட்டில் கீரையும் களியும் கிண்டிப் போடுகிற மனுஷி, அடுத்த வீட்டுப் படியேறினால் ஊமையாகிவிடுகிறார். திட்டவில்லை. மிச்சம் இருந்த வீடுகளுக்கு நான் இறங்கவும் இல்லை. காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு வாசலிலும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதும், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

பத்திரிகை வைத்து முடிந்தபோது புண் பழையபடி வாயைத் திறந்திருந்தது. நகத்தைச் சுற்றிக் கருத்துவிட்டது. உடனே சேர்ந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுப்பதா, சம்பந்தி வீட்டுக்கு என்ன சொல்வது என்று இவர் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அக்கா போன் செய்து, "நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமுங்க" என்றார். போனேன். மணமேடையில் செருப்பு கிடையாது. தாரை வார்க்கும்போது வெள்ளைத் துணி சுற்றிய காலோடு நேராக நின்றார். கேட்டவர்களுக்கெல்லாம் "கல்லு தடுக்கிருச்சுங்க" என்றார். முகம் மட்டும் காய்ச்சலில் மினுமினுத்தது. அதைச் சந்தோஷத்தில் வந்த மினுமினுப்பு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பந்தியில் நான் உட்கார்ந்திருந்த வரிசைக்கு எதிரே போட்டோக்காரர் இரண்டு சம்பந்திகளையும் பிடித்து நிறுத்தினார். "ரெண்டு பேரும் ஊட்டி விடுங்க சார், நல்லா வரும்." ஈரோட்டுச் சம்பந்தி ஒரு ஜாங்கிரியை எடுத்து இவர் வாயில் வைத்தார். இவர் ஒரு ஜாங்கிரியை எடுத்து அவர் வாயில் வைத்தார். வெளிச்சம் சரியில்லை என்று போட்டோக்காரர் மறுபடியும் ஊட்டச் சொன்னார். மறுபடியும் ஊட்டிக்கொண்டார்கள். என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை.

அந்த வாரமே விரலை எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும். மகளுக்குச் சொல்லவில்லை. புது ஜோடி, விருந்துக்கு ஒறம்பரை வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், மனசு கெட்டுவிடும் என்று இவர் கட்டளை. ஆனால் சம்பந்திக்கு எப்படியோ செய்தி எட்டி, ஈரோட்டிலிருந்து தனியாகப் புறப்பட்டு வந்துவிட்டார். அவர் அறைக்குள் நுழைந்தபோது நானும் அக்காவும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தோம்.

வந்தவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி நின்றுகொண்டேயிருந்தார். படுத்திருந்தவர் எழுந்து உட்கார முயன்றார். முடியவில்லை. "மறைச்சுப்போட்டேனுங்க சம்பந்தி" என்றார்.  "ரொம்ப வருசமாச் சர்க்கரைங்க. தப்பு என்ற மேலதான். என்ற புள்ளைய ஒண்ணுஞ் சொல்லிராதீங்க."

 சம்பந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றி வயிற்றைக் காட்டினார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன தோல்.

"எனக்குந் தானுங்க. நாலு வருசமா ஊசி. தெரிஞ்சாப் பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு நாங்களும் மூடி மறைச்சுப்போட்டோம். அன்னிக்குப் போட்டோவுக்கு நீங்க வாங்கிச் சாப்புட்டீங்க. நான் வேண்டாம்னா சந்தேகம் வந்துரும்னு நானும் சாப்புட்டேன். மண்டபத்துலயே தலை சுத்தி, ரூமுக்குப் போய்ப் படுத்துட்டேனுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். பாரம் இறங்கிய சிரிப்பு. "நெசமாலுங்களா சம்பந்தி?" என்று இவர் கேட்பதும், அவர் தலையாட்டுவதும், எந்த மாத்திரை, எந்த டாக்டர் என்று விசாரித்துக்கொள்வதும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.  இரண்டு பேரில் ஒருவர், ஒரே ஒருவர், ஆரம்பத்திலேயே வாயைத் திறந்து "வேண்டாமுங்க, எனக்கு ஆகாது" என்று சொல்லியிருந்தால் இந்தக் கால் முழுசாக இருந்திருக்கும்.

"சிரிக்கறீங்களா?" என்று கேட்டே விட்டேன். "ரெண்டு பக்கமும் அப்பனுக்குச் சர்க்கரை. அந்தப் புள்ளைகளுக்கு அது பாதி எழுதி வெச்ச மாதிரி. இப்ப அவங்க ஊரு ஊராப் போய் என்ன சாப்புட்டுட்டு இருக்காங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமுங்களா?"

சிரிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்துக் கட்டில் மேலிருந்த போன் அடித்தது. மகள்தான். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். "சொல்லு கண்ணு. அப்பா பட்டறையிலதான் இருக்கறேன். கோபில விருந்தா? எலை போட்டாச்சா? மாப்பிள்ளையப் பக்கத்துல இருந்து கவனி. எலைல வெச்சதை வேண்டாம்னு சொல்லிராத சாமி. பெரியவங்க சங்கடப்படுவாங்க."

சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். 

அக்கா எழுந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர், புருசன் கையிலிருந்த போனைப் பிடுங்கினார். "உங்கப்பன் பொய் சொல்றாரு கண்ணு. ஆஸ்பத்திரில கெடக்கறாரு. ரெண்டு வெரலை எடுத்துட்டாங்க. உன்ற மாமனாருக்கும் சர்க்கரைதான், இங்கதான் ஒக்காந்துட்டு இருக்கறாரு" என்றார். இரண்டு ஆண்களும் பதறிப்போய்க் கையை நீட்டினார்கள். அக்கா அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பக்கம் மகள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா சொன்னதுதான் கேட்டது. "அழுகாத. அப்பறம் அழுதுக்கலாம். மொதல்ல எலைய மூடிப்போட்டு எந்திரி."